கடல் வலப்பக்கம் இருக்கட்டும்: குரோவேஷியக் கடற்கரைப் பயணம் குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் குரோவேஷியாவின் கடற்கரைச் சாலையைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் எழுதியிருந்தேன். நண்பர்களுடன் காரில் அங்கே போகத் திட்டமிட்டிருக்கும் வாசகர்கள் பலர் அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கல்லூரி நாள் முதல் நண்பர்களாக இருக்கும் நாங்கள் நால்வர் வரும் செப்டம்பரில் பத்து நாள் குரோவேஷியாவுக்குச் செல்கிறோம். தலைநகர் ஸாக்ரெப்பில் இறங்கித் தெற்கே டுப்ரோவ்னிக் வரை செல்வதா, டுப்ரோவ்னிக்கில் இறங்கி வடக்கே வருவதா என்று எங்களுக்குள் வாக்குவாதம். பார்க்க வேண்டிய இடங்களாகப் பதினான்கைக் குறித்து வைத்திருக்கிறோம். பத்து நாளுக்குள் அவற்றை எப்படிப் பிரிப்பது?

பதில்: வாக்குவாதத்தை முதலில் முடித்துவிடுவோம். வடக்கிலிருந்து தெற்கே செல்லுங்கள். குரோவேஷியாவில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. அந்நாட்டின் கடற்கரையோ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கிறது. ஆகவே தெற்கு நோக்கிச் செல்லும் காருக்கு அட்ரியாட்டிக் கடல் வலப்பக்கத்தில், தன் தடத்தை ஒட்டியே வந்துகொண்டிருக்கும். கடலைப் பார்ப்பதற்கென்று சாலையோரம் விடப்பட்டிருக்கும் ஒதுக்கிடங்களில், எதிரே வரும் வண்டிகளின் குறுக்கே போகாமல் எளிதாக ஒதுங்கி நிற்கலாம். தெற்கிலிருந்து வடக்கே வருபவர் அதே காட்சியை எதிர்த்தடத்துக்கு அப்பால்தான் பார்க்க முடியும். நிறுத்திப் பார்க்க விரும்பினால், வளைவுக்கு வளைவு மறைந்து வரும் வண்டிகளுக்கு நடுவே இடப்பக்கம் திரும்பியாக வேண்டும். வரைபடத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. சாலையில் முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, அங்கே தெற்கே செல்ல இரண்டு சாலைகள் இருக்கின்றன என்பதை மனத்தில் வையுங்கள். ஸாக்ரெப்பிலிருந்து மலைகளுக்குப் பின்னால் வரும் ஏ1 விரைவுச்சாலை 2005ஆம் ஆண்டில் கடற்கரை நகரமான ஸ்ப்ளிட் வரை திறக்கப்பட்டது. அதில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகலாம்; நுழையும்போது சீட்டு எடுத்து வெளியேறும்போது சுங்கம் கட்ட வேண்டும்; ஸாக்ரெப் முதல் ஸ்ப்ளிட் வரை ஒரு காருக்கு ஏறத்தாழ 25 யூரோ ஆகும். மற்றொன்று டி8 எனப்படும் பழைய கடற்கரைச் சாலை. யூகோஸ்லாவியக் காலத்தில், 1950களிலும் 1960களிலும் பகுதி பகுதியாக அமைக்கப்பட்ட இதை உள்ளூர்க்காரர்கள் யாத்ரான்ஸ்கா மகிஸ்த்ராலா என்கிறார்கள். இதற்குச் சுங்கம் கிடையாது. ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் மலை, மறுபக்கம் கடல், நடுவில் இருவழிச் சாலை என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள்கிறது. விரைவுச்சாலையிலேயே வந்துவிட்டு, நாங்கள் குரோவேஷியக் கடற்கரையில் கார் ஓட்டினோம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தவை பெரும்பாலும் சுரங்கப்பாதைகளாகவே இருக்கும்.

முழுதும் டி8இலேயே செல்ல வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். என் கணக்கில் இரண்டு பகுதிகளைத் தவறவே விடக்கூடாது. முதலாவது சென் என்னும் சிறுநகரத்திலிருந்து கார்லோபாக் வழியாக வெலெபிட் மலையின் அடிவாரத்தில் தெற்கே செல்லும் பகுதி. விரைவுச்சாலை வந்த பிறகு கூட்டம் அங்கே போய்விட்டதால் இது வெறிச்சோடிக் கிடக்கிறது. எதிரே பாக் தீவு நிலவின் தரையைப் போல மொட்டையாகத் தெரியும். இரண்டாவது ஓமிஷிலிருந்து ப்ரெலா வழியாக மகார்ஸ்கா வரையிலான பகுதி. இங்கே பியோகோவோ மலை கடலோரத்திலிருந்தே 1,762 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. இவற்றுக்கு மாறாக, ஸ்ப்ளிட்டின் தெற்கு விளிம்பிலிருந்து ஓமிஷ் வரை கோடையில் வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும். அந்தத் தூரத்தைக் காலை எட்டு மணிக்கு முன்பே கடந்துவிடுங்கள்.

இனிப் பதினான்கு இடங்கள். பத்து நாள் என்றால் ஒன்பது இரவு. நான் நான்கு ஊர்களில் மட்டும் தங்குவேன்: ஸாடரில் இரண்டு இரவு, ஸ்ப்ளிட்டில் மூன்று, பெலியெஷாட்ஸ் தீபகற்பத்திலோ கோர்ச்சுலா தீவிலோ இரண்டு, டுப்ரோவ்னிக்குக்கு அருகே இரண்டு. ஸாக்ரெப்பிலிருந்து துறைமுக நகரமான ரியெகா வரை விரைவுச்சாலையில் சுமார் 160 கிலோமீட்டர் வந்து, அங்கிருந்து டி8இல் ஏறினால் மாலையில் ஸாடரை அடையலாம். ரியெகாவுக்கும் ஸாடருக்கும் இடையே 220 கிலோமீட்டர்தானே, நான்கு மணி நேரம் போதுமே என்று செயலி சொல்லும். அதை நம்பி மதியத்துக்கு மேல் கிளம்புபவர்கள் சென்னையும் கார்லோபாகையும் இருட்டில் கடப்பார்கள். (நான் சொல்வது நம் சென்னையை அல்ல, ‘சென்’ என்ற ஊரை. தமிழில் எழுதும்போது இந்தத் தொல்லை.) பகல் முழுவதையும் அதற்கென்றே ஒதுக்குங்கள். ஷிபெனிக், ட்ரோகிர் இரண்டையும் ஸாடரிலிருந்து ஸ்ப்ளிட்டுக்கு வரும் வழியிலேயே பார்க்கலாம். ஷிபெனிக்கின் புனித யாக்கோபு பேராலயம் 1431இல் தொடங்கி 1535இல் முடிந்தது. அதன் பின்புறச் சுவரைச் சுற்றி அக்காலத்து மனிதர்களின் முகங்களை வரிசையாகக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் நம் நண்பர்களின் சாயலைத் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

உங்கள் பட்டியலில் இருக்கும் ப்ளித்விட்சே ஏரிகளை நான் நீக்கிவிடுவேன். பதினாறு ஏரிகளும் அவற்றை இணைக்கும் அருவிகளும் அழகு என்பதில் ஐயமில்லை. 1979இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். ஆனால் அது உள்நாட்டில் இருக்கிறது. அவசரமாகப் பார்க்கக்கூடியதும் அல்ல. அருவி பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஷிபெனிக்கை அடுத்த கர்கா தேசியப் பூங்கா வழியிலேயே வருகிறது. அங்கே ஸ்க்ராடின்ஸ்கி பூக் அருவியின் அடியில் நீந்துவதுபோல் இணையத்தில் உலவும் படங்கள் பழையவை. 2021 முதல் அங்கே நீந்த அனுமதி இல்லை.

கேள்வி: எங்களிடம் இந்தியக் கடவுச்சீட்டும், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவும் இருக்கின்றன. ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் செல்லும் வழியில் போஸ்னியா குறுக்கிடுகிறது என்று வரைபடம் காட்டுகிறது. அந்தச் சில கிலோமீட்டருக்காக எங்கள் விசா செல்லாமல் போய்விடுமா?

பதில்: இந்தக் கேள்வியை ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டது நல்லது.

குரோவேஷியா 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் 2023 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. அதே நாளில் குனா நாணயத்தைக் கைவிட்டு யூரோவையும் ஏற்றது. ஆகவே உங்கள் ஷெங்கன் விசா குரோவேஷியாவுக்குச் செல்லும். போஸ்னியாவும் மான்டினீக்ரோவும் ஷெங்கனுக்கு வெளியே இருக்கின்றன. நெயும் என்ற ஊரைச் சுற்றிக் கடலைத் தொடும் போஸ்னிய நிலம் டி8 சாலையைச் சுமார் 9 கிலோமீட்டர் தூரத்துக்கு வெட்டுகிறது. அந்த எல்லையைத் தாண்டினால் நீங்கள் ஷெங்கனிலிருந்து வெளியேறியவர் ஆகிவிடுவீர்கள். மறுபக்கம் மீண்டும் நுழைய ஒருமுறை விசா உதவாது. பலமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்களைப் போஸ்னியா தனி விசா இல்லாமலே அனுமதிக்கிறது. உங்களிடம் இருப்பது அதுவன்று.

ஆனால் கவலை வேண்டாம். 2022 ஜூலை 26 அன்று பெலியெஷாட்ஸ் பாலம் திறக்கப்பட்டது. 2,404 மீட்டர் நீளமுள்ள இந்தக் கம்பிவடப் பாலம் கொமார்னா என்ற இடத்தில் கடலைத் தாண்டித் தீபகற்பத்தில் இறங்குகிறது. அங்கிருந்து ஸ்டோன் வழியாகச் சென்று, நெயுமுக்குத் தெற்கே மீண்டும் டி8இல் சேரலாம். எல்லைச் சாவடி இல்லை, சுங்கமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 35 கோடியே 70 இலட்சம் யூரோ கொடுக்க, சீன நிறுவனம் ஒன்று கட்டிய பாலம் இது. செயலி நெயும் வழியைக் காட்டினால், இடையில் ஸ்டோனை ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள். அது பாலத்தின் வழியாகப் பாதையை மாற்றிவிடும்.

கடற்கரையில் இப்படியொரு துண்டு எப்படி வந்தது என்பது சுவையான கதை. டுப்ரோவ்னிக் பல நூற்றாண்டுகள் ரகூசா என்ற தனிக் குடியரசாக இருந்தது. அதன் பெரிய அச்சம் துருக்கியர் அல்லர். கடல் வணிகத்தில் போட்டியாளரான வெனிஸ். 1699ஆம் ஆண்டு கார்லோவிட்ஸ் உடன்படிக்கையின்போது, வெனிஸின் ஆட்சிப் பகுதி தன் எல்லையைத் தொடாதிருக்க, நெயும் பகுதியைத் துருக்கியரின் உதுமானியப் பேரரசுக்கே ரகூசா விட்டுக்கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தொடக்கூடாதென்று நடுவில் ஒரு முழம் நிலத்தை மூன்றாமவனுக்கு எழுதிக்கொடுத்த கதைதான். அந்த எல்லையே பின்னர் போஸ்னியாவின் எல்லையாக நிலைத்துவிட்டது. முந்நூறு ஆண்டு கழித்து நம் விசாவில் வந்து இடிக்கிறது.

போஸ்னியாவின் மோஸ்டாருக்கோ மான்டினீக்ரோவின் கோட்டோருக்கோ ஒருநாள் போய்வர ஆசைப்படுபவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவைக் கேட்டு, அதற்கான காரணத்தையும் பயணத் திட்டத்தில் காட்டிவிட வேண்டும். வாடகைக் காரை ஒன்றியத்துக்கு வெளியே கொண்டுசெல்ல நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியும் தேவைப்படும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

கேள்வி: ஏப்ரலில் செல்ல இருக்கிறோம். காற்று அடித்தால் அந்தச் சாலையையே மூடிவிடுவார்கள் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: உண்மை. அந்தக் காற்றின் பெயர் பூரா. வெலெபிட் மலைக்குப் பின்னால் தேங்கும் குளிர்ந்த, கனமான காற்று, கணவாய்களின் வழியாகக் கடலை நோக்கிச் சரிந்து விழுகிறது. சீராக வீசாது, சற்று நேரம் ஓய்ந்து, திடீரென்று ஓர் அறை அறையும். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய வீச்சுகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நாம் பேச்சுக்காகச் சொல்கிறோம். அங்கே லாரி சாய்வதைச் செய்தியில் காட்டுவார்கள். பூரா சென்னில் பிறந்து, ரியெகாவில் மணமுடித்து, ட்ரியெஸ்டேயில் இறக்கிறது என்று அப்பகுதியில் ஒரு சொலவடை வழங்குகிறது.

இது குளிர்காலத்தில்தான் கடுமை. ஏப்ரலில் வராது என்று சொல்ல முடியாது. வலுத்தால் முதலில் இருசக்கர வண்டிகளையும் கூரை உயர்ந்த வண்டிகளையும் காரின் பின்னே இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளையும் தடுப்பார்கள். மேலும் வலுத்தால் எல்லா வண்டிகளையும் நிறுத்துவார்கள். சென்னிலிருந்து தெற்கே டி8 சாலையும், ஏ1இல் ஸ்வேட்டி ரோக் சுரங்கத்திலிருந்து மஸ்லெனிட்சா பாலம் தாண்டும் பகுதியும் இப்படி அடிக்கடி மூடப்படுபவை. காலையில் கிளம்பும் முன் குரோவேஷிய வாகனக் கழகத்தின் சாலை நிலவரத்தைப் பார்ப்பது போதும். அதை ‘ஹாக்’ என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். அண்ணாந்து பார்ப்பதும் உதவும்: வெலெபிட் முகட்டின் மேல் வெண்மேகம் தொப்பிபோலக் கவிந்திருந்தால் பூரா வருகிறது என்று அர்த்தம். கார் கதவைத் திறக்கும்போது கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். கதவு பின்னோக்கி மடங்கினால் காப்பீடு ஏற்பதில்லை என்று சில ஒப்பந்தங்களில் சிறிய எழுத்தில் இருக்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பூரா அடித்து ஓய்ந்த மறுநாள் அந்தக் கடற்கரையில் இருப்பது பெரும்பேறு. காற்று கழுவிவிட்டதுபோல் தெளிந்து, தொலைவிலுள்ள தீவுகள்கூடக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்.

கேள்வி: கார் வாடகைக்கு எடுப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்? இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா?

பதில்: இந்திய உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்தால் ஓராண்டுக்குத் தருவார்கள். இரண்டும் சேர்ந்தே கையில் இருக்க வேண்டும்.

வாடகையைவிட ஈட்டுத்தொகையைப் பாருங்கள். ஓட்டுபவரின் பெயரிலுள்ள கடன் அட்டையில் ஒரு பெருந்தொகையை நிறுத்திவைப்பார்கள். நண்பரின் அட்டை, பற்று அட்டை எதையும் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. நான் ஒருமுறை நண்பர்களோடு சென்றபோது, முன்பதிவு ஒருவர் பெயரிலும் கடன் அட்டை இன்னொருவர் பெயரிலும் இருந்ததால், விமான நிலைய முகப்பிலேயே மூன்று மணி நேரம் நின்றோம். கடைசியில் முன்பதிவை நீக்கிவிட்டு இருமடங்கு விலையில் புதிதாக எடுத்தோம். தவறு எங்களுடையதுதான்.

ஓரூரில் எடுத்து இன்னோரூரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நாட்டுக்குள்ளேயே என்றால் அது தாங்கக்கூடியதாக இருக்கும். பிற நாட்டில் எடுத்து இங்கே விட்டால் வாடகையையே விஞ்சிவிடும். டுப்ரோவ்னிக் விமான நிலையம் நகரத்துக்கு அப்பால், தெற்கே சிலிபியில் இருப்பதால், தெற்கு நோக்கிய பயணம் அங்கேயே இயல்பாக முடிகிறது. தீவுக்குப் படகில் ஏற்றும் எண்ணமிருந்தால், படகின் மேல் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு பொருந்துமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஊருக்குள் மணிக்கு 50, வெளியே 90 கிலோமீட்டர் என்பது பொதுவான வரம்பு. இரத்தத்தில் மதுவின் அளவு ஆயிரத்தில் 0.5 வரை அனுமதி. 24 வயது வரையுள்ள ஓட்டுநர்களுக்கு அதுவும் கிடையாது. நம் வாசகர்களுக்குப் பழக்கமில்லாத இடப்பக்கச் சுக்கான் முதல் நாள் தொல்லை தரும்: ஓட்டுபவரின் கவனம் தன் பக்கத்திலேயே இருக்க, வண்டி அறியாமலே வலப்பக்கத் தடுப்புச் சுவரை நோக்கி நகரும். முன்னிருக்கை நண்பர் முதல் நாள் மட்டுமாவது கைப்பேசியை வைத்துவிட்டு வலப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: தீவுகளுக்குக் காரையும் கொண்டுபோகலாமா? எந்தத் தீவு?

பதில்: தீவைப் பொறுத்தது. கர்க் தீவுக்கு 1980இல் கட்டிய பாலமே இருக்கிறது; 2020இலிருந்து அதற்குச் சுங்கமும் இல்லை. பாக் தீவுக்குத் தெற்கே பாலமும், வடக்கே பிரிஸ்னாவிலிருந்து கால் மணி நேரப் படகும் உண்டு. நான் முன்னே சொன்ன வெலெபிட் அடிவாரச் சாலையில் வந்து, பிரிஸ்னாவில் படகேறி, பாக் தீவின் நீளம் முழுவதையும் ஓட்டிப் பாலத்தின் வழியாக ஸாடரில் இறங்குவது எனக்குப் பிடித்தமான வழி. பூரா வாரியிறைக்கும் உப்பில் தீவின் கிழக்குப் பக்கம் புல்கூட முளைக்காமல் கிடக்கிறது. எஞ்சியிருக்கும் உப்பேறிய மூலிகைச் செடிகளை மேயும் செம்மறியாடுகளின் பாலில்தான் புகழ்பெற்ற பாக் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். கர்க்கும் பாக்கும் தவிர, கோர்ச்சுலாவுக்குக் காருடன் போவது எளிது. பெலியெஷாட்ஸின் ஒரெபிச்சிலிருந்து இருபது நிமிடத்துக்குள் படகு கொண்டுபோய் விடும்; ஒரு நாளைக்குப் பலமுறை செல்கிறது. மார்க்கோ போலோ பிறந்த வீடு என்று அங்கே ஒன்றைக் காட்டுவார்கள். அதற்கு உறுதியான சான்று ஏதுமில்லை. காட்சிக்காக மேலே ஏறிப் பாருங்கள், வரலாற்றுக்காக வேண்டாம்.

ஹ்வாரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஸ்ப்ளிட்டிலிருந்து கார் படகு ஹ்வார் நகரத்துக்குச் செல்வதில்லை. இரண்டு மணி நேரத்தில் ஸ்டாரி கிராட் என்ற இன்னொரு துறைக்குச் செல்கிறது. தெற்கே ட்ர்வெனிக்கிலிருந்து சுச்சுராய்க்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான குறுகிய படகுப் பயணம் உண்டு. ஆனால் இறங்கிய பின் ஹ்வார் நகரத்துக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஒடுங்கிய மலைச்சாலை. மேலும், படகுச் சீட்டு வாங்கிவிட்டால் இடம் உறுதி என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலான கார் படகுகளில் வரிசையில் முன்னே நிற்பவருக்கே இடம். ஓர் ஆகஸ்டு மாலையில் ட்ர்வெனிக்கில் எங்களுக்கு முன்னே நின்ற வண்டியோடு கடைசிப் படகின் தளம் நிரம்பிவிட்டது. கையில் சீட்டை வைத்துக்கொண்டு, படகின் பின்விளக்கைப் பார்த்தபடி நால்வரும் நின்றோம். அன்றிரவு வாயிலில் ‘ஸோபே’, அதாவது அறைகள் என்று பலகை மாட்டியிருந்த ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர் இடம் கொடுத்தார். பகலில் ஸ்ப்ளிட்டிலேயே காரை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஹ்வார் நகரத்தின் நடுவிலேயே இறக்கிவிடும் பயணிகள் விரைவுப் படகில் போயிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

கேள்வி: எங்கள் குழுவில் இருவர் சைவம். பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நேராது, சலிப்பு நேரலாம். கடலோர உணவகங்களில் சைவருக்கென்று பெரும்பாலும் பாஸ்தாவும் சாலடுமே இருக்கும். ஆனால் மீனுக்குத் துணையாகப் பரிமாறும் ‘பிளிட்வா’ என்ற ஒன்றைத் தனியாகவே கேட்டு வாங்கலாம். கீரையையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துப் புரட்டியது. நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். ஓமிஷுக்குப் பின்னாலுள்ள பொலிட்சா கிராமங்களில் அதே கீரையை மெல்லிய மாவுத் தகடுகளுக்கு நடுவே வைத்துத் தணலில் சுடும் ‘ஸோபார்னிக்’ கிடைக்கும். கருநிற ரிசோட்டோவைப் பார்த்து ஏதோ கறுப்பரிசி என்று வாங்கிவிடாதீர்கள். அந்தக் கறுப்பு கணவாய் மீனின் மை. ‘பெஸ் மேசா, பெஸ் ரிபே’ என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சமையலறையுடன் கூடிய வீடுகளை எடுப்பதே நல்லது. ஆனால் 2023 ஜூலை முதல் அங்கே கடைகள் ஆண்டுக்குப் பதினாறு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே திறக்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. காய்கறியையும் அரிசியையும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

கேள்வி: மணற்பாங்கான கடற்கரை எங்கே இருக்கிறது?

பதில்: மிகக் குறைவு. பெரும்பாலும் கூழாங்கல்லும் பாறையும்தான். அதனால்தான் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. ரப்பர்க் காலணி ஒரு சோடி வாங்கிக்கொள்ளுங்கள். பாறையிடுக்கில் கடல் முள்ளெலிகள் இருக்கும். மிதித்தால் அன்றைய நாள் போயிற்று.

கேள்வி: டுப்ரோவ்னிக்கில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. கூட்டத்தையும் செலவையும் நினைத்தால் போகாமலே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: விடாதீர்கள். ஆனால் காரோடு உள்ளே போகாதீர்கள். மதில் சூழ்ந்த பழைய நகருக்குள் வண்டிகளுக்கு இடமில்லை. வாசலுக்கு அருகே நிறுத்துமிடக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறி அறைவாடகையை எட்டிப்பிடிக்கும். தெற்கே ட்ஸாவ்டாட் என்ற சிற்றூரில் தங்கிக் காலையில் பேருந்திலோ படகிலோ செல்லுங்கள். மதில் திறந்தவுடன் ஏறிவிட வேண்டும். 1,940 மீட்டர் நீளமுள்ள மதிலை ஒரே திசையில்தான் சுற்ற விடுவார்கள்; நிழல் கிடையாது. நுழைவுக் கட்டணம் 35 முதல் 40 யூரோ அளவில் இருக்கும் என்பது கசக்கத்தான் செய்யும். நான் அதைக் கொடுத்ததற்கு வருந்தியதில்லை. மேலிருந்து கூரைகளைப் பாருங்கள். வெளிறிய பழைய ஓடுகளுக்கு நடுவே பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகள் பரப்புப் பரப்பாகத் தெரியும். யூகோஸ்லாவியப் படையின் 1991, 1992 முற்றுகையில் குண்டு விழுந்து சிதைந்த கூரைகளுக்குப் பின்னர் வேய்ந்த ஓடுகள் அவை. பத்தரை மணிக்குச் சுற்றுலாக் கப்பல்களில் வந்த கூட்டம் ஏறத் தொடங்கும்போது நீங்கள் இறங்கிவிடலாம்.

அதற்கு முந்தைய நாள் ஸ்டோனில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள். சின்னஞ்சிறு ஊர், அதைச் சூழ்ந்து மலைமேல் ஏறியிறங்கும் மதில் ஐந்தரைக் கிலோமீட்டர். இவ்வளவு பெரிய மதில் எதற்கு என்று தோன்றும். ஊரின் காலடியில் கிடக்கும் உப்பளங்களைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்: ரகூசாவின் கருவூலத்தை நிறைத்தது அந்த உப்புதான்.

கேள்வி: நாங்கள் ஐவர் போகிறோம், கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள், நான் மட்டும் சாலையைப் பார்க்க வேண்டுமா? இதைச் சொன்னால் தோழிகள் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிக்கிற விஷயமில்லை, அம்மா. கடல் வலப்பக்கம், உங்கள் இருக்கை இடப்பக்கம்; உங்களுக்குக் கிடைப்பது மலைச்சுவரும் எதிரே வரும் லாரிகளும்தான். நண்பர்களுக்குள் ஐந்தாம் நாள் வெடிக்கும் சண்டைகளில் பாதி இந்த இருக்கையிலிருந்தே தொடங்குகின்றன என்பதைப் பல பயணங்களில் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும் முன்பே சிலவற்றைப் பேசி முடித்துவிடுங்கள். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டமாட்டேன் என்று சொல்லுங்கள். ஸாடர் செல்லும் முதல் நாள் மட்டும் விதிவிலக்காக இருக்கட்டும். எரிபொருள், சுங்கம், நிறுத்துமிடம், படகு ஆகியவற்றுக்காகப் பொதுப்பணம் ஒன்றைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டு, அதில் உங்கள் பங்கை நீக்கிவிடச் சொல்லுங்கள்; கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் காட்டுங்கள். வழிகாட்டும் பொறுப்பும் நிறுத்துமிடக் கட்டணப் பொறுப்பும் முன்னிருக்கைக்காரருடையவை. ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது, உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று திரையில் கேட்டால் வேண்டாமென்று யூரோவையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதையும் அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

ஸ்ப்ளிட்டில் ஒரு முழு நாள் காரைத் தொடாதீர்கள். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் பதவி துறந்து ஓய்வெடுக்க, ஏறத்தாழ பொ.ஆ. 305ஆம் ஆண்டில் கட்டிமுடித்த அரண்மனைதான் இன்றைய நகரின் நடுப்பகுதி. அதன் சுவர்களுக்குள்ளேயே மக்கள் குடியிருக்கிறார்கள், துணி உலர்த்துகிறார்கள், காப்பிக் கடை நடத்துகிறார்கள். கிறித்தவர்களைக் கொன்ற அந்தப் பேரரசரின் கல்லறை மண்டபமே பின்னர் பேராலயமாயிற்று. அங்கே நடந்து திரியும் ஒருநாள் உங்களுக்கு உரியது. ஸாடரிலும் மாலையில் சாவியை அறையில் வைத்துவிட்டுக் கடற்கரைப் படிகளுக்குச் சென்று அமருங்கள். 2005இல் நிக்கோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் அந்தப் படிகளுக்கு அடியில் 35 குழாய்களைப் பதித்து ஒரு கடல் இசைக்கருவியை அமைத்தார். அலை உந்தும் காற்றில் அது தானாகவே ஒலித்துக்கொண்டிருக்கும்.

வெலெபிட் அடிவாரச் சாலையில், கடலுக்கு மேலே ஒதுக்கிடம் தென்படும்போது யாரும் கேட்காமலே வண்டியை நிறுத்திவிடுங்கள். இயந்திரத்தை அணைத்து, கைத்தடையை இழுத்துவிட்டு, முதலில் நீங்கள் இறங்குங்கள். மற்றவர்கள் வந்த வழியெல்லாம் பார்த்தவர்கள்தானே, காத்திருக்கட்டும்.